சீசன் முடிவில் ஆறு பேரைக் குறைக்கச் சொல்கிறார்கள்: பட்டியலை எப்படிப் போடுவது?

நிலாவெளி_முகாமை

நிலாவெளியில் 24 அறை ஹோட்டல். ஊழியர் 22 பேர். ஒக்டோபரோடு புக்கிங் விழுந்துவிடும், பிறகு மார்ச் வரைக்கும் கால்வாசி அறைகூட நிரம்பாது. ஆறு பேரைக் குறைக்கும்படி முதலாளி சொல்கிறார். பெயர்களையும் அவரே எழுதித் தந்துவிட்டார். அதில் ஒரு கர்ப்பிணி இருக்கிறார். எட்டு வருடமாக வேலை செய்யும் சமையல் உதவியாளர் இருக்கிறார், சம்பளம் 45,000. மூதூரிலிருந்து வரும் இரண்டு பெண்கள், புதிதாகச் சேர்ந்த ஒரு ரூம் போய். ஆறாவது ஆள் ரிசெப்ஷன் தம்பி. போன மாதம் காசு லாச்சியில் 18,400 ரூபா குறைந்தது, அவர்தான் எடுத்திருப்பார் என்று முதலாளிக்குச் சந்தேகம்.

"ஏப்ரலில் திரும்பக் கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பு, அது வேலைநீக்கம் இல்லையே" என்பது அவருடைய வாதம். சட்டப்படியும் மனச்சாட்சிப்படியும் எது முறை?

உவர்மலைக்_கணக்கு

அந்த வாதம் முதல் அடியிலேயே விழும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலைநீக்கச் சட்டத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை வேலையிலிருந்து வெளியே வைத்திருப்பது தற்காலிகமானாலும் நிரந்தரமானாலும் வேலைநீக்கம்தான். "ஏப்ரலில் வா" என்பதும் அதற்குள் வரும்.

சட்டம் உங்களைத் தொடுமா என்று பார்க்க இரண்டு கணக்கு போடுங்கள். முந்திய ஆறு மாதத்தில் சராசரியாக 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்தார்களா? 22 பேர் என்கிறீர்கள், ஆகவே ஆம். அந்த ஊழியர் முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்திருக்கிறாரா? வாராந்த விடுமுறையும் சம்பள லீவும் இந்த 180க்குள் எண்ணப்படும். பலர் வரவுப் பதிவேட்டில் கையெழுத்து விழுந்த நாட்களை மட்டும் எண்ணிவிட்டு "இவருக்கு 160தான்" என்பார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் சேர்ந்தவர் செப்டெம்பர் கடைசியில் 180ஐத் தாண்டிவிடுகிறார்.

இரண்டுக்கும் ஆம் என்றால் வழி இரண்டுதான். ஊழியரின் முன்கூட்டிய எழுத்துச் சம்மதம், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன்கூட்டிய எழுத்து அனுமதி. அனுமதி கேட்டால் முடிவு சொல்ல இரண்டு மாதம் என்று சட்டத்தில் இருக்கிறது. ஒக்டோபர் கடைசியில் ஆளைக் குறைக்க நினைப்பவர் ஓகஸ்டிலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும். அனுமதியில்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தமே செல்லாது. பின்சம்பளத்தோடு திரும்ப எடு என்று கட்டளை வரலாம்.

அனுமதியோடு நிறுத்தினால் கட்டும் நட்டஈட்டுச் சூத்திரம்: முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், 6 முதல் 14 வரை இரண்டு மாதம், 15 முதல் 19 வரை ஒன்றரை, 20 முதல் 24 வரை ஒன்று, அதற்குமேல் 34 வரை அரை மாதம். உச்சவரம்பு 2021இல் 25 லட்சமாக்கப்பட்டது. உங்கள் சமையல் உதவியாளருக்கு 12.5 உடன் 6 சேர்த்து 18.5 மாதம், அதாவது 832,500 ரூபா. பணிக்கொடை இதில் சேராது, அது தனி: வருடத்துக்கு அரை மாதம் வீதம் எட்டு வருடத்துக்கு 180,000. வேலை முடிந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும், தாமதித்தால் மேலதிகக் கட்டணம். மொத்தம் 1,012,500. ஐந்து மாதம் அவரை வைத்திருந்தால் சம்பளம் 225,000, அதோடு சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் சேர்த்தால் 258,750. முதலாளிக்கு முதலில் இந்த இரண்டு தொகையையும் காட்டுங்கள். நியாயம் பேசி இறங்காதவர்கள் இந்த இடத்தில் இறங்குவார்கள்.

சங்கக்காரன்

கணக்கு சரி. ஆனால் ஆட்குறைப்பை முதல் கேள்வியாகவே எடுத்திருக்கிறீர்கள், அதுதான் பிழை. ஆளைத் தொடுவதற்கு முன் தொடக்கூடியவை வேறு இருக்கின்றன.

சீசனில் எடுக்காமல் குவிந்த வருடாந்த லீவு வருடத்துக்கு 14 நாள். அதை மழைக்காலத்தில் முறைவைத்து எடுக்க விடுங்கள். பெயின்ட், குழாய், மெத்தை, ஏசி சேர்விஸ், உப்புக்காற்றில் துருப்பிடித்த பல்கணிக் கம்பிகள் என்று சீசனில் வெளி ஆளுக்குக் காசு கொடுத்துச் செய்விக்கும் வேலைகளைப் பட்டியலிடுங்கள். அதில் பாதியை உள்ளாட்களே செய்யலாம். விருப்பம் கேட்டுத்தான், கூரை ஏறும் வேலை பழகியவருக்கு மட்டும்.

இன்னொன்று இந்தக் கரைக்கே உரியது. நமக்குச் சீசன் ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. தெற்கு, தென்மேற்குக் கரையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மிரிஸ்ஸ, ஹிக்கடுவ, பெந்தோட்டைப் பக்கம் ஆள் தேடும் நேரத்தில்தான் இங்கே ஆள் மிஞ்சுகிறது. ஆட்களை இரவலாக அனுப்பலாம், ஆனால் கடிதத்தில் ஐந்து விடயம் இல்லாமல் அனுப்பக்கூடாது: சம்பளம் யார் கட்டுவது, சேமலாப நிதி எந்த இலக்கத்தில் விழும், தங்குமிடம், வந்துபோகும் செலவு, திரும்பி வரும்போது இதே பதவியும் இதே சேவைக்காலத் தொடர்ச்சியும். போக மறுத்தவரைக் குறைப்புப் பட்டியலில் மேலே ஏற்றக்கூடாது. சின்னப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு யார் ஹிக்கடுவ போவது?

இத்தனைக்கும் பிறகும் குறைத்தே ஆகவேண்டும் என்றால் கடைசியாக வந்தவர் முதலில் போகிறார். பழைய வழக்கம். முதலாளியின் விருப்புவெறுப்புக்கு இடமில்லை.

ஆளணிப்_பிரிவு

சங்கக்காரன் அண்ணா சொன்னதில் கடைசிப் பந்தியை மட்டும் மறுக்கிறேன். அந்த வழக்கம் சுத்தமாகத் தெரியும். ஆனால் ஹோட்டல்களில் வீட்டுப்பராமரிப்புக்குப் பெண்களை அண்மையில்தான் கூடுதலாக எடுக்கத் தொடங்கினார்கள். சேவைக்காலத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் வெளியே போவது அவர்கள்தான். மூதூர் பெண்கள் இருவர் பட்டியலில் வந்தது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன்.

முதலில் பெயரை எடுத்து வைத்துவிட்டு வேலையை எழுதுங்கள். மழைக்காலத்தில் எந்தக் கதிரை கட்டாயம்? ரிசெப்ஷன் 24 மணி நேரமும் இயங்கினால் கிழமைக்கு 21 ஷிப்ட், 168 மணித்தியாலம். ஒருவருக்கு 45. நான்கு பேர் வேண்டும். மூன்று பேராக்கினால் ஒவ்வொருவரும் 56 மணித்தியாலம், அதாவது கிழமைக்கு 11 மணித்தியாலம் ஓவர்டைம், ஒன்றரை மடங்கு சம்பளம். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் கிழமைக்கு 12 மணித்தியாலம் என்ற ஓவர்டைம் எல்லையும் உடைகிறது. அறையில் ஒரு நாளைக்கு ஆறு நிரம்பினால் வீட்டுப்பராமரிப்புக்கு ஷிப்டுக்கு ஒருவர் போதும், ஆனால் ஒன்றரை நாள் வாராந்த விடுமுறையும் லீவும் மூட இரண்டாமவர் வேண்டும். இப்படி எழுதிப் பார்த்தால் ஆறு என்ற எண்ணே மூன்றாகவோ நான்காகவோ மாறிவிடும். முதலாளிமார் சொல்லும் எண் பெரும்பாலும் சம்பளச் செலவிலிருந்து வந்ததாக இருக்கும், வேலையிலிருந்து வந்ததாக இராது.

அதன் பிறகு அளவுகோல். ஒரே பதவிக்குள் மட்டும் ஒப்பிடுங்கள், சமையலறை ஆளைத் தோட்டக்காரரோடு அல்ல. மீதியிருக்கும் வேலைகளில் எத்தனையை இவர் செய்யக்கூடும் என்பதற்கு 40 புள்ளி, சேவைக்காலத்துக்கு 30, ஏற்கெனவே எழுத்தில் உள்ள ஒழுக்காற்றுப் பதிவுக்கு 15, வரவுக்கு 15 என்று வைத்தால் ஓரளவு சமநிலை. வரவைக் கணக்கிடும்போது மகப்பேற்று லீவு, வேலையில் பட்ட காயம், சங்க வேலைக்காகப் போன நாள் எதையும் குறைவாக எண்ணக்கூடாது. புள்ளி போடுவது இருவர், தனித்தனியாக, ஒருவர் அந்தப் பிரிவுக்கு வெளியேயிருந்து. 10 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் காரணம் எழுத வேண்டும்.

பட்டியல் முடிந்ததும் பக்கத்தில் ஆண், பெண், மொழி, சமயம், ஊர் என்று ஐந்து நிரல் போட்டுப் பாருங்கள். திருகோணமலையில் இதைச் செய்யாமல் விடவே கூடாது. மூன்று சமூகமும் வேலை செய்யும் இடத்தில் ஆறு பேரும் ஒரே ஊராக இருந்தால், காரணம் எவ்வளவு சுத்தமானாலும் மறுநாள் கிச்சினில் யாரும் அதை நம்பமாட்டார்கள். பட்டியலைச் சமப்படுத்த ஆளை மாற்றச் சொல்லவில்லை. அளவுகோலில் எது சாய்கிறது என்று தேடச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மதிய ஷிப்டில் ஜும்மாவுக்குப் போனதை "ஒத்துழைப்புக் குறைவு" என்று மேற்பார்வையாளர் எழுதியிருப்பார். அல்லது சிங்களத்தில் மட்டும் நடந்த பயிற்சியைத் தமிழ் ஊழியர் முடிக்கவில்லை என்று இருக்கும். அந்தப் புள்ளியை அழியுங்கள்.

நிலாவெளி_முகாமை

நன்றி. இரண்டு கேள்வி. எல்லோருக்கும் அரைச் சம்பளம் கொடுத்து எல்லோரையும் வைத்திருந்தால் என்ன? சம்மதக் கடிதம் எழுதி வாங்கினால் அனுமதி தேவையில்லைத்தானே?

உவர்மலைக்_கணக்கு

அரைச் சம்பளம்: தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் 1 முதல் 27,000, 2026 ஜனவரி 1 முதல் 30,000. 45,000 வாங்குபவரின் பாதி 22,500. முழுநேரம் வேலை வாங்கிக்கொண்டு அந்தத் தொகை கொடுக்க முடியாது. சேவைக் கட்டணத்தைச் சேர்த்து 30,000 ஆக்கிக் காட்டும் தந்திரமும் வேண்டாம். குறைப்பதென்றால் வேலை நாளையும் சேர்த்துக் குறைத்து, எழுத்தில், எத்தனை மாதம் என்று திகதி போட்டு, ஒவ்வொருவரோடும் தனித்தனியாக உடன்பட வேண்டும். முகாமையாளர் சம்பளத்தில் முதலில் வெட்டு விழுந்தால் உடன்பாடு இலகு.

சம்மதக் கடிதம் செல்லும். ஆனால் அலுவலகத்துக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, "இங்கே ஒரு கையெழுத்து" என்று வாங்கினது சம்மதம் அல்ல. அவர் வாசிக்கும் மொழியில் கடிதம், தொகையை வரிவரியாகப் பிரித்த தாள், வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு பிரதி, குறைந்தது ஏழு நாள். மறுத்தால் எதுவும் நடக்காது என்ற வரியும் கடிதத்தில் இருக்கட்டும்.

கொட்டியாரம்

சேமலாப நிதியையும் இப்பவே பாருங்கோ. தகுதிகாண் காலத்தில இருக்கிறவருக்கும், நாள் சம்பளக்காரருக்கும் முதல் நாளில இருந்து கட்டவேணும். ஊழியர் பக்கம் 8 வீதம், முதலாளி பக்கம் 12. அடுத்த மாதம் கடைசித் திகதிக்குள்ள போகாட்டி 5 வீதத்தில இருந்து 50 வீதம் வரை மேலதிகம். சீசன் ஆக்களுக்குக் கட்டாமல் விட்டது ஆட்குறைப்பு முறைப்பாடு போகேக்கதான் வெளியில வரும்.

நீதவான்_வீதி

இனி அந்த ரிசெப்ஷன் தம்பி. முழு இழையிலும் ஆபத்தான விடயம் இதுதான், ஆனால் எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள்.

சந்தேகத்தை ஆட்குறைப்புப் பட்டியலில் ஒளித்து வைக்கக்கூடாது. இரண்டும் இரண்டு கோப்பு. கடிதத்தில் "வேலை குறைவு", ஊருக்குள் "கள்ளன்" என்றால், அவர் தன்னைக் காத்துக்கொள்ள வழியே இல்லாமல் போகிறது. நாளைக்குத் தொழில் நியாய சபையில் "வேலை குறைவு என்றால் அதே கதிரைக்கு ஏப்ரலில் வேறொருவரை ஏன் எடுத்தீர்கள்" என்று கேட்டால் உங்களிடமும் பதில் இராது. அவர் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். நிறுத்தியதை ஒத்துக்கொண்ட பிறகு காரணத்தை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். 15 பேருக்குக் குறைந்த இடத்திலும் இந்தக் கதவு திறந்தே இருக்கும்.

திருட்டு என்ற சொல்லுக்கு முன் 18,400 எங்கே போகக்கூடும் என்று பாருங்கள். விருந்தாளிக்காகப் புறாமலைத் தீவு நுழைவுச்சீட்டுக்கும் படகுக்கும் லாச்சியிலிருந்து காசு கொடுத்து, அதை அறைக் கணக்கில் ஏற்ற மறந்திருக்கலாம். கார்ட்டில் வந்ததைக் காசு என்று பதிந்திருக்கலாம். வெளிநாட்டு நாணயத்தை நேற்றைய விலையில் மாற்றியிருக்கலாம். தொடக்கக் காசு 10,000 ஆ 15,000 ஆ என்று ஷிப்டுக்கு ஷிப்ட் வேறு எண்ணம் இருந்திருக்கலாம். இவை எல்லாம் தாளில் அகப்படும்.

அகப்படாவிட்டால் விசாரணை. முதலில் காரணம் கேட்கும் கடிதம்: திகதி, ஷிப்ட், தொகை, எந்த ரசீது இலக்கம் வரை. "பணத்தில் முறைகேடு செய்தீர்" என்ற பொது வரி குற்றச்சாட்டே இல்லை. பதிலுக்கு ஏழு நாள். பதில் திருப்தியில்லை என்றால் குற்றப்பத்திரிகை. விசாரிப்பவர் முறைப்பாட்டுக்காரராகவோ, காசு எண்ணியவராகவோ, தண்டனை தீர்மானிப்பவராகவோ இருக்கக்கூடாது. சின்ன ஹோட்டலில் அப்படி ஒருவர் கிடையாது, வெளியிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரைப் பணம் கொடுத்து எடுங்கள். ஆவணங்களின் பிரதி முன்கூட்டியே கொடுக்க வேண்டும், சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்க விட வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வேண்டும். மொழி பெரிய சிக்கல்: தமிழில் சொன்ன பதிலைச் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் சுருக்கி எழுதி அதில் கையெழுத்து வாங்கினால் பதிவு முழுவதும் பாழ்.

விசாரணை முடியும்வரை அவரை லாச்சியிலிருந்து எடுத்து வேறு வேலைக்கு மாற்றினால் போதும். இடைநிறுத்தம் தேவைப்பட்டால் சம்பளத்தோடு. சம்பளமில்லா இடைநிறுத்தம் பற்றி நியமனக் கடிதத்தில் எதுவும் இல்லையென்றால் அந்த வழி கிடையாது. குற்றம் நிரூபணமாகி நீக்கினால், எழுத்துமூலமான காரணம் இரண்டாவது வேலை நாள் முடியுமுன் அவர் கையில் இருக்க வேண்டும்.

"பொலிஸுக்குப் போகட்டா, ராஜினாமா எழுதித் தாறியா" என்ற பழக்கம் இந்த மாவட்டத்தில் அதிகம். அப்படி வாங்கிய ராஜினாமா விலகலாக நிற்காது, பயமுறுத்தி வெளியேற்றியதாகவே வாதிடப்படும். சம்பளத்தில் பிடிப்பதும் அப்படித்தான். சட்டம் அனுமதித்த கழிப்புகளுக்கு வெளியே, யார் எடுத்தது என்று தெரியாமல் ஷிப்டில் நின்ற மூன்று பேரிடமும் பகிர்ந்து பிடிப்பது நியாயமும் இல்லை, சட்டமும் இல்லை.

முன்மேசை_மென்பொருள்

நீதவான் வீதி ஐயா சொன்ன தாள்களை இன்றைக்கே எடுத்து வையுங்கள். எதெது: அன்றைய ஷிப்ட் முடிவு அறிக்கை, இரத்துச் செய்த பில் அறிக்கை, கழிவு கொடுத்த பில் அறிக்கை, கார்ட் இயந்திரத்தின் நாள் முடிவுச் சீட்டு, பயனர் உள்நுழைவுப் பதிவு. கமராப் பதிவு வன்தட்டு நிறைந்ததும் பழையதன் மேல் எழுதப்படும், எட்டுக் கமராவும் ஒரு டெராபைட்டும் என்றால் சில கிழமைகூடத் தாங்காது. போன மாதச் சம்பவம் என்றால் இப்போதே போயிருக்கலாம். இருந்தால் முழு ஷிப்டையும் பிரதி எடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்தது சாட்சியாக நிற்காது. வாட்சப் குழுவில் போட்டால் அதோடு உங்கள் நியாயமும் போகும்.

எல்லோரும் "ஃப்ரண்ட்1" என்ற ஒரே கடவுச்சொல்லில் நுழைகிறார்களா? அப்படியென்றால் அந்தப் பதிவு யார்மீதும் எதையும் நிரூபிக்காது. லாச்சிச் சாவியும் மேசைக்குக் கீழே தொங்கினால் இன்னும் மோசம். குறைவு இருக்கிறது, ஆள் இல்லை என்றுதான் முடிவு எழுத வேண்டி வரும். எழுதுங்கள். ஆளுக்கு ஒரு கடவுச்சொல், ஷிப்டுக்கு ஒரு லாச்சித் தட்டு, இருவர் முன் எண்ணி இருவர் கையெழுத்து என்று அடுத்த நாளிலிருந்து தொடங்குங்கள்.

டொக்யார்ட்_மச்சான்

இதெல்லாம் பாத்து நடக்கிறதெண்டா ஹோட்டல் நடத்த ஏலாது. காசு போட்டவனுக்குத் தன்ர ஆளைத் தெரிவு செய்யிற உரிமை இல்லையா?

ஆளணிப்_பிரிவு

உரிமை இருக்கிறது தம்பி, ஆள் எடுக்கும் நாளில் நிறைய இருக்கிறது. தகுதிகாண் காலத்தில் மாதாமாதம் எழுதி, கூப்பிட்டுச் சொல்லி, திருந்த நேரம் கொடுத்துத் தெரிவு செய்யலாம். எட்டு வருடம் எதுவும் எழுதாமல் இருந்துவிட்டு ஒக்டோபரில் "அவர் வேகம் போதாது" என்றால் யார் நம்புவது? பட்டியல் வந்த பிறகு எழுதிய மதிப்பீட்டை நான் கணக்கில் எடுப்பதேயில்லை. கோப்பில் திகதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கர்ப்பிணி பற்றி யாரும் சொல்லவில்லை. கர்ப்பம் காரணமாக நீக்குவது தடை. மகப்பேற்று லீவு 84 வேலை நாள், 2018இலிருந்து எத்தனையாவது பிள்ளை என்ற வேறுபாடு இல்லை. அவருடைய கதிரை உண்மையிலேயே இல்லாமல் போகிறதா என்பதை மற்றவர்களுக்கான அதே தாளில் காட்ட முடியவில்லை என்றால் பெயரை எடுத்துவிடுங்கள். "அவருடைய நன்மைக்காகத்தான்" என்ற வசனத்தை எங்கே கண்டாலும் வெட்டுங்கள்.

நிலாவெளி_முகாமை

முதலாளியோடு கதைத்தேன். வேலையை எழுதிப் பார்த்ததில் மிகை மூன்று கதிரை. இருவர் தெற்குக்குப் போக விருப்பம் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாமவரோடு இன்னும் பேச்சு நடக்கிறது. ரிசெப்ஷன் தம்பியின் பெயர் பட்டியலில் இல்லை, குறைவு பற்றிய கோப்பு தனியாக இருக்கிறது. கடைசிக் கேள்வி: தெற்கு ஹோட்டல்காரர் தொலைபேசியில் "ஆள் எப்படி" என்று கேட்பார். அந்தத் தம்பியைப் பற்றியும் யாராவது கேட்டால்?

நீதவான்_வீதி

எல்லோருக்கும் ஒரே பதில்: பதவி, சேர்ந்த திகதி, செய்த வேலைகள், எழுத்தில் முடிவான ஒழுக்காற்றுத் தீர்ப்பு இருந்தால் அது. தொலைபேசியில் எதுவும் சொல்லாமல் மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள், அனுப்புவதன் பிரதி ஊழியருக்கும் போகட்டும். தம்பி விடயத்தில் தீர்ப்பு இல்லை, ஆகவே சொல்லவும் ஒன்றுமில்லை. "ம்ம்... நீங்களே பார்த்துக்கொள்ளுங்கோ" என்ற இழுப்பும் வேண்டாம், கேட்பவருக்கு அது முழு வசனம்.

சங்கக்காரன்

இரவல் கடிதத்தின் வரைவைப் போடுங்கள், சேவைத் தொடர்ச்சி வரியை ஒருமுறை பார்த்துத் தருகிறேன். மூன்றாமவரிடம் கணக்குத் தாள் போய்விட்டதா?